எலும்புக்கூட்டு இறால்: ஓர் அயல் ஓட்டுடலியை அடையாளம் காண்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடமேற்கு ஐரோப்பாவின் படகுத்துறைகளிலும் சால்மன் பண்ணைகளிலும் மிதவைக் கயிறுகளிலும் ஆயிரக்கணக்கில் தொற்றிக்கொண்டு வாழும் கேப்ரெல்லா மியூட்டிகா என்னும் சிறிய ஓட்டுடலியைப் பற்றியது இப்பக்கம். வடகிழக்கு ஆசியக் கடல்களைத் தாயகமாகக் கொண்ட இந்த உயிரியை, கை லென்ஸ் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் உள்ள எவரும் அடையாளம் காண முடியும். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதை நம்பக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இது உண்மையில் இறால்தானா?

இல்லை. இறாலும் நண்டும் பத்துக்காலிகள் என்ற வரிசையைச் சேர்ந்தவை. இதுவோ ஆம்ஃபிபாட் என்ற வேறு வரிசையைச் சேர்ந்தது. கடற்கரையில் ஒதுங்கிய பாசியைப் புரட்டினால் தெறித்து ஓடும் மணல் துள்ளிகளும் இதே வரிசைதான். துள்ளிகளின் உடல் பக்கவாட்டில் தட்டையாக, வளைந்து இருக்கும். கேப்ரெல்லாவின் உடலோ குச்சி போல நீண்டு, வயிற்றுப் பகுதி தேய்ந்து பெயரளவுக்கு ஒரு முனையாக மட்டும் நிற்கும். சதை இல்லாத, கணுக்கணுவான அந்தத் தோற்றத்தால்தான் ஆங்கிலத்தில் எலும்புக்கூட்டு இறால் என்கிறார்கள். தமிழில் இதற்கென்று புழக்கத்தில் ஒரு பெயர் இல்லாததால் இங்கும் அதையே கையாள்கிறோம். ஜப்பானியர் இந்த வகையை வாரெகரா என்கிறார்கள். உடைந்த ஓடு என்று பொருள். அதே ஒலிக்கு அவர்கள் மொழியில் 'என்னாலேயே' என்ற பொருளும் வருவதால், காதலில் தன்னையே நொந்துகொள்ளும் பழைய அரசவைக் கவிதைகளில் இவ்வுயிர் சிலேடையாக இடம்பெற்றிருக்கிறது. அடையாளம் காண்பதற்கு இது உதவாது. இருந்தாலும், கடற்பாசியில் ஒட்டிய இத்தனை சிறிய உயிரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மொழி கவனித்துப் பெயரிட்டிருக்கிறது என்பது சொல்லத் தக்கது.

இதன் தாயகம் எது? எங்கெல்லாம் பரவியிருக்கிறது?

ஜப்பான் கடலை ஒட்டிய ரஷ்யாவின் தூரக்கிழக்குக் கரையிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1935-இல் இந்த இனம் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஜப்பானின் வடபகுதியும் அதன் இயல்பான வாழிடமே. 1970-களில் கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவிலும், 1990-களில் நெதர்லாந்திலும், 2000-இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் நகருக்கு அருகேயும் கண்டறியப்பட்டது. பெல்ஜியம், நார்வே, ஜெர்மனி, அயர்லாந்து, கனடா, நியூசிலாந்து ஆகிய நாடுகளும் இப்போது இதன் பட்டியலில் உள்ளன.

இத்தனை தூரம் இது நீந்திச் சென்றிருக்க வழியில்லை. நண்டுக்கும் இறாலுக்கும் உள்ளது போல நீரோட்டத்தில் மிதந்து செல்லும் இளம்புழுப் பருவம் கேப்ரெல்லாவுக்குக் கிடையாது. தாயின் பையிலிருந்து வெளிவரும் குஞ்சு, தாயின் சிறிய நகலாகவே வெளிவந்து அருகிலுள்ள கிளையைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே கப்பலின் அடிப்பகுதியில் படியும் உயிர்ப் படிவம், கப்பலைச் சமநிலைப்படுத்த ஏற்றி இறக்கும் பேலஸ்ட் நீர், வளர்ப்புக்காக இறக்குமதியாகும் பசிபிக் சிப்பிகள், பிய்ந்து மிதக்கும் கடற்பாசி ஆகியவையே இதன் வாகனங்கள் என்று கருதப்படுகிறது. கடல்கடந்த பயணத்துக்கு மனிதரே பொறுப்பு. அருகிலுள்ள துறைக்கும் பண்ணைக்கும் பரவுவதில் பாசிக்கும் பங்குண்டு.

எங்கே, எந்தக் காலத்தில் தேட வேண்டும்?

இயற்கையான பாறைக் கரையைவிட மனிதர் கட்டிய பொருள்களில் தேடுவதே பலன் தரும். மிதவை மேடையின் ஓரம், நீண்ட நாள் நீரில் கிடந்த கயிறு, மிதவைகளின் அடிப்புறம், மீன் பண்ணை வலை, ஆளி என்னும் இருவோட்டுச் சிப்பியை வளர்க்கும் தொங்கு கயிறு போன்றவை இதற்குப் பிடித்த இடங்கள். நீர்மட்டத்திலிருந்து முதல் சில மீட்டர்களுக்குள்ளேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். ஐரோப்பாவில் கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். வளர்ந்த பெரிய ஆண்களும் அப்போது எளிதில் அகப்படும். குளிர்காலத்தில் தேடிக் கிடைக்காமல் போனால், அங்கே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

கயிற்றை வெளியே எடுத்தால் சேறும் பாசியும்தான் தெரிகிறது. எப்படிப் பார்ப்பது?

காற்றில் தூக்கிய கயிற்றில் எதையும் அடையாளம் காண முயல வேண்டாம். நீரை விட்டு வெளியேறியதும் இவற்றின் கால்கள் உடலோடு ஒட்டி, பழுப்பு நார்க்கற்றை போல ஆகிவிடும். ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு அதே இடத்துக் கடல்நீரை ஊற்றி, கயிற்றில் உள்ள பாசிக் கொத்தொன்றைப் பிய்த்து அதில் போட்டு, ஒரு நிமிடம் அசையாமல் விட்டுப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு, பாசியின் கிளை என்று நீங்கள் நினைத்திருந்தவற்றில் ஒன்று மெல்லத் தலைவணங்கும். அதன் பின்னங்கால்கள் மூன்று இணையும் கிளையை இறுகப் பற்றியிருக்க, முன்னுடல் நிமிர்ந்து, கும்பிடுபூச்சியைப் போல இரண்டு பெரிய கைகளை மடித்து வைத்திருக்கும். இடம் பெயரும்போது முன்கைகளை ஊன்றி, உடலை வில்லாக வளைத்துப் பின்கால்களை இழுத்துக்கொண்டு, அட்டை ஊர்வதைப் போல நகரும். இந்த நடையை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை ஏமாற மாட்டார்.

பிறகு இடுக்கியால் அழுத்தாமல், மெல்லிய தூரிகையால் ஒன்றைத் தனியே பிரித்து, சிறிய கண்ணாடித் தட்டில் நீரோடு வைத்து, 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். விளக்கை மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டிலிருந்து காட்டுவது முக்கியம். நாம் தேடப்போகும் மயிர்கள் அப்போதுதான் ஒளிர்ந்து தெரியும்.

உடலின் கணுக்களை எப்படி எண்ணுவது?

அடையாளம் காண்பதில் நிகழும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. தலையும் முதல் கணுவும் ஒன்றாக இணைந்திருப்பதால், தலையைத் தனியாக எண்ணிவிட்டு அடுத்ததை 'ஒன்று' என்று தொடங்குபவர் கடைசி வரை ஒரு கணு பிசகியே இருப்பார். தலையோடு சேர்ந்த பகுதிதான் முதல் கணு; அதிலிருந்து வாயருகே சிறிய பற்றுக் கைகள் கிளம்பும். பெரிய பற்றுக் கைகள் கிளம்பும் கணு இரண்டாவது. மூன்றாம், நான்காம் கணுக்களில் கேப்ரெல்லா பேரினத்துக்குக் கால்களே கிடையாது. அங்கே இலை போன்ற செவுள்கள், கணுவுக்கு ஓர் இணையாகத் தொங்கும். ஐந்து, ஆறு, ஏழாம் கணுக்களில் பற்றிக்கொள்ளும் பின்கால்கள் இருக்கும். பெரிய கைகளை 'இரண்டு' என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுவதே பாதுகாப்பான வழி.

மூன்றாம், நான்காம் கணுக்களில் செவுளோடு முழுமையான கால்களும் இருந்தால், கையில் உள்ளது கேப்ரெல்லாவே அல்ல. ஐரோப்பியக் கடல்களில் இயல்பாகவே வாழும் ஃப்திசிகா மரீனா அப்படிப்பட்டது. அதற்குச் செவுள்களும் மூன்று இணை. அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, கேப்ரெல்லா என்று உறுதியாயிற்று. மியூட்டிகா என்று எதைக் கொண்டு சொல்வது?

வளர்ந்த ஆணைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தில் மிகப் பெரியதாக, கழுத்து நீண்டதாகத் தெரிவது அதுவே. 50 மில்லிமீட்டர் வரை வளர்ந்த ஆண்கள் பதிவாகியுள்ளன. பெண் அதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். கழுத்து போலத் தெரிவது உண்மையில் நீண்டுவிட்ட முதல் இரு கணுக்கள்.

அந்த இரண்டு கணுக்களின் முதுகிலும் பக்கங்களிலும் மென்மையான மயிர்கள் அடர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய பற்றுக் கைகளிலும் அதே மயிர்ப் போர்வை இருக்கும். அடுத்து, மூன்றாம் கணு முதல் ஏழாம் கணு வரை முதுகிலும் விலாவிலும் கூர்மையான முட்கள் பல இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, தலையைப் பக்கவாட்டில் பாருங்கள். அது வழுவழுப்பாக, முள் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். முன்னே மயிர், பின்னே முள், தலை மொட்டை: இந்த மூன்றும் ஒரே ஆணிடம் சேர்ந்திருந்தால், ஐரோப்பியக் கரைகளில் அது மியூட்டிகா என்று கொள்வதில் பெரிய தயக்கம் தேவையில்லை. மூன்றில் ஒன்று மட்டும் இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மியூட்டிகா என்ற இலத்தீன் சொல்லுக்கு முள்ளற்றது என்று பொருள் என்பதால், பெயரைப் படித்துவிட்டு முள் உள்ளதை ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

மயிரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீண்ட நாள் சட்டை உரிக்காத எந்தக் கேப்ரெல்லாவின் மேலும் நுண்பாசியும் ஒட்டுயிரிகளும் வளர்ந்து பஞ்சு போலத் தெரியலாம். ஈரத் தூரிகையால் இரண்டு முறை வருடினால் அழுக்கு கலைந்துவிடும். மயிர் அப்படியே இருக்கும். உண்மையான மயிர்கள் ஓட்டிலிருந்தே முளைத்தவை. அழுக்கோ திட்டுத்திட்டாக, மயிர் இருக்க வேண்டாத பின்கணுக்களிலும் படிந்திருக்கும்.

பெண்ணும் குஞ்சும் மட்டும் கிடைத்தால்?

பெண்ணின் மூன்றாம், நான்காம் கணுக்களின் அடியில் முட்டைகளையும் குஞ்சுகளையும் சுமக்கும் பை உண்டு. மியூட்டிகாவில் அந்தப் பையின் மேல் செம்புள்ளிகள் தெரிவது வழக்கம். உயிருடன் இருக்கும்போது இது நல்ல துப்பு. ஆனால் ஆணுக்குரிய மயிர்ப் போர்வை பெண்ணிடம் இருக்காது. குஞ்சுகளிடம் மயிரும் இல்லை, முட்களும் முழுமையாக வளர்ந்திருக்காது. ஆகவே பெண்ணையோ குஞ்சையோ மட்டும் வைத்து இனத்தின் பெயரை எழுதாமல், 'கேப்ரெல்லா, இனம் உறுதியாகவில்லை' என்று எழுதுங்கள். அரைகுறைப் பெயரைவிட நேர்மையான அறியாமை பதிவேட்டுக்கு நல்லது.

நிறத்தைக் கொண்டு பிரிக்க முடியுமா?

முடியாது. வெளிறிய ஆரஞ்சிலிருந்து அடர் சிவப்பு வரை எல்லா நிறத்திலும் மியூட்டிகா கிடைக்கிறது. பாதுகாக்கச் சாராயத்தில் (ஆல்கஹாலில்) போட்டதும் அந்த நிறமும் போய்விடும்.

இதோடு அதிகம் குழப்பப்படும் இனங்கள் யாவை?

பிரிட்டன் கரைகளில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது உள்ளூர் இனமான கேப்ரெல்லா லீனியாரிஸ். அதே கயிற்றில், பாசி போலக் கிளைத்து வளரும் ஹைட்ராய்டு என்ற சிறு விலங்குகளின் அதே கொத்தில் இரண்டும் கலந்தே கிடைக்கலாம். லீனியாரிஸ் ஆணின் முதலிரு கணுக்கள் மயிரில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். பின்கணுக்களில் முட்களுக்குப் பதிலாகச் சிறு புடைப்புகள் தெரியும். கேப்ரெல்லா ஈக்விலிப்ரா என்ற இன்னொன்றைப் பிரிக்க அதை மல்லாத்திப் போட வேண்டும்: பெரிய பற்றுக் கைகள் கிளம்பும் இடத்தில், இரண்டு கைகளுக்கும் நடுவே, அடிப்புறத்தில் ஒரு முள் இருக்கும். மேலிருந்து மட்டும் எடுத்த புகைப்படங்களில் இந்த முள் ஒருபோதும் தெரியாது என்பதால், மல்லாத்திப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. மியூட்டிகாவின் தாயகத்திலேயே வாழும் கேப்ரெல்லா அகாந்தோகாஸ்டர் இதற்கு மிக நெருங்கிய உருவம் கொண்டது. அந்த இரண்டையும் பிரிப்பதை நிபுணரிடமே விட்டுவிடலாம்.

தலையில் முன்னோக்கிய முள் இருக்கிறது. இதுவும் அதே இனமா?

அல்ல, தலையில் ஒற்றை முள் முன்னோக்கி நீண்டிருந்தால் முதலில் கேப்ரெல்லா ஸ்கௌராவைச் சந்தேகியுங்கள். இதன் கதை நம் பக்கத்துக் கடலில் தொடங்குகிறது. மொரீசியசிலும் இலங்கையிலும் பிரிட்டிஷ் படை மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் டெம்பிள்டன், மொரீசியசில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1836-இல் இதை விவரித்தார். 1990-களில் இத்தாலியின் வெனிஸ் கடற்கழியில் தென்பட்டு, பிறகு ஸ்பெயின் வரை மத்தியதரைக் கடலின் பல துறைமுகங்களுக்கு அது பரவியது. அதாவது, வடக்கே குளிர்ந்த நீரில் மியூட்டிகாவும் தெற்கே வெதுவெதுப்பான நீரில் ஸ்கௌராவும் ஐரோப்பாவுக்குள் நுழைந்திருக்கின்றன. படகுத்துறையின் இருப்பிடத்தைக் கொண்டே பாதி யூகத்தைச் செய்துவிடலாம். மீதிப் பாதிக்குத் தலையைப் பார்த்தே ஆக வேண்டும்.

வல்லுநர்களே இதில் தவறியதுண்டா?

தவறியிருக்கிறார்கள், ஒரு முறைக்கு மேல். ஹம்போல்ட் விரிகுடாவில் கிடைத்ததை 1977-இல் கேப்ரெல்லா அகாந்தோகாஸ்டரின் புதிய துணையினம் என்று கருதி, அந்த விரிகுடாவின் பெயரையே வைத்தார்கள். நெதர்லாந்தில் கிடைத்ததை 1995-இல் முற்றிலும் புதிய இனம் என்று கருதி கேப்ரெல்லா மாச்சோ என்று பெயரிட்டார்கள். இரண்டுமே பின்னர் மியூட்டிகாவின் மறுபெயர்கள் என்று தள்ளப்பட்டன. யாரும் கவனக்குறைவாகப் பார்த்து நேர்ந்த பிழை அல்ல இது. விவரிப்பைக் கூர்மையாகச் செய்தவர்கள், ஒப்பிட வேண்டிய மாதிரி உலகின் மறுகோடியில் இருக்கும் என்று எண்ணவில்லை, அவ்வளவே. உள்ளூர் நூலில் பொருந்தும் பெயர் இல்லையென்றால் அது புதிய இனமாக இருக்கலாம், வந்தேறியாகவும் இருக்கலாம். துறைமுகத்தில் கிடைத்தது என்றால் இரண்டாவது வாய்ப்பையே முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2004-இல் ஜெர்மனியின் சில்ட் தீவருகே இவை பெருந்திரளாகக் கிடைத்தபோது, அதை வெளியிட்டவர்கள் பெயரின் நடுவே 'ஒப்பிட்டுப் பார்க்க' என்ற பொருள் தரும் cf. என்ற சுருக்கக் குறியைச் சேர்த்தே எழுதினார்கள். பெருந்திரளாகக் கிடைத்த செய்தியைத் தாமதிக்காமல் சொல்லவும், பெயரில் எஞ்சிய ஐயத்தை மறைக்காமல் காட்டவும் அந்தக் குறி ஒன்றே போதுமானதாக இருந்தது. தன்னார்வலர்களும் இந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ளலாம்.

புகைப்படம் மட்டும் எடுத்து அனுப்பினால் போதுமா?

வளர்ந்த ஆணாக இருந்து, படம் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் போதும். நீருக்குள் வைத்தபடியே, பக்கவாட்டில் முழு உடலும் ஒரு படம், தலையும் முதலிரு கணுக்களும் நெருக்கத்தில் ஒரு படம், மல்லாத்திய நிலையில் ஒரு படம், எல்லாவற்றிலும் அளவுகோல் ஒன்று என எடுங்கள். கிடைத்த இடம், தேதி, எந்தப் பொருளின் மேல் இருந்தது என்பவற்றையும் குறியுங்கள். கூடவே சில மாதிரிகளைச் சாராயத்தில் இட்டு வைப்பது நல்லது. உருவத்தைப் பார்க்க 70 சதவீதச் சாராயம் போதும். மரபணுச் சோதனைக்கும் பயன்பட வேண்டுமானால் 95 சதவீதம் தேவை. ஃபார்மலினில் போட்ட மாதிரியிலிருந்து மரபணுவை எடுப்பது மிகக் கடினம். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள்; பேனா மை சாராயத்தில் கரைந்துபோய், பெயரும் ஊரும் இல்லாத குப்பி ஒன்று மிஞ்சும்.

இத்தனை சிறிய உயிரால் என்ன கேடு?

எண்ணிக்கைதான் காரணம். சாதகமான இடங்களில் ஒரு சதுர மீட்டருக்கு 1 இலட்சத்துக்கும் மேல் இவை இருந்ததுண்டு. ஸ்காட்லாந்தில் நடந்த சோதனைகளில் மியூட்டிகா, தன்னைவிட அதிக எண்ணிக்கையில் இருந்த உள்ளூர் கேப்ரெல்லாக்களையும் பற்றுமிடத்திலிருந்து விரட்டியது. கையில் கிடைக்கும் பாசி, சிதைகூளம், சிற்றுயிர் என எதையும் உண்ணும் பழக்கம் அதற்குக் கூடுதல் பலம். ஆயினும் இயற்கையான கடற்கரைகளில் இதன் பாதிப்பு எவ்வளவு என்பது பண்ணைகளில் தெரிவது போலத் தெளிவாக இல்லை. பல மீன்களுக்கு இது நல்ல இரையாகவும் ஆகிறது. பேரழிவு என்று எழுதுபவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

தமிழகக் கடற்கரையில் இதைத் தேட வேண்டுமா?

மியூட்டிகாவைத் தேடிப் பயனிருக்காது. குளிர்ந்த நீரின் உயிர் அது. ஆய்வகத்தில் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவின் கோடை நீர் அந்த அளவைத் தொடுகிறது. ஆனால் கயிறுகளிலும் பாசியிலும் வேறு கேப்ரெல்லா வகைகள் கிடைக்கும். கணுக்களை எண்ணும் முறையும் மல்லாத்திப் பார்க்கும் பழக்கமும் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

வேறு சிறிய அயல் ஓட்டுடலிகளையும் இதே போலக் கண்டறிய முடியுமா?

சிலவற்றை இன்னும் எளிதாகவே கண்டறியலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பகுதியிலிருந்து பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுடலி) ஒன்று, ஆஸ்ட்ரோமினியஸ் மோடஸ்டஸ், அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பாறையில் வழக்கமாகக் காணப்படும் கொட்டலசுகளின் சுவரில் 6 தகடுகள் இருக்கும். இதற்கு 4 மட்டுமே. கண்ணால் எண்ணிவிடலாம்.

கண்டால் என்ன செய்வது? அழித்துவிடலாமா?

ஒரு கயிற்றைச் சுரண்டிச் சுத்தப்படுத்துவதால் இனம் அழியாது. சுரண்டியதைக் கடலிலேயே தள்ளினால் அடுத்த மிதவைக்குப் பரவ வழி செய்ததாகவும் ஆகிவிடும். பிரிட்டனில் என்றால் அயல் இனங்களுக்கான அரசுச் செயலகத்துக்கு, படங்களோடு, இடத்தையும் தேதியையும் தெரிவியுங்கள். படகையும் கயிற்றையும் வேறு துறைக்குக் கொண்டுசெல்லும் முன் நன்னீரில் கழுவி, முழுவதும் உலர விடுங்கள். உப்புக் குறைந்த நீரை மியூட்டிகா நீண்ட நேரம் தாங்காது. ஆனால் ஈரக் கயிற்றுச் சுருளின் நடுவே கடல்நீர் தங்கியிருந்தால் கழுவியதாகக் கணக்கில்லை. சுருளைப் பிரித்துக் கழுவுங்கள்.